விரல் சுருங்குவது ஊறலா, நரம்பா?

முத்துவேல்_நாகை:
குளத்தில் ரொம்ப நேரம் கிடந்தால் விரல் நுனி சுருங்கிப் போகிறதே, அதற்கு நரம்புதான் காரணம் என்று செல்வி எழுதியிருந்தார். ஈரத்தில் பிடிமானம் கிடைக்கத்தான் அந்தச் சுருக்கம் என்றும் சொல்லியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. மேல்தோலின் மேற்பரப்பு செத்த செல்களின் அடுக்கு. அதிலுள்ள கெரட்டின் என்ற புரதம் தண்ணீரை இழுத்து உப்புகிறது, இடம் போதாமல் மடிகிறது. கண்ணிமையில் மேல்தோல் 0.05 மி.மீ. அளவுதான், உள்ளங்காலில் 1.5 மி.மீ. வரை. தடித்த இடத்தில் மடிப்பு விழுகிறது, அவ்வளவுதான்.

செல்வி:
அண்ணா, என் வலது கையைப் பார்த்துத்தான் எழுதினேன். ஆறு வருடத்துக்கு முன் உடைந்த கண்ணாடி டம்ளர் மணிக்கட்டைக் கிழித்து, கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரை போகும் மீடியன் நரம்பு அறுந்தது. தைத்தும் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. இன்றைக்கும் பாத்திரம் தேய்த்து முடித்தால் சுண்டுவிரல் உலர்ந்த திராட்சை மாதிரி இருக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் வழவழவென்று அப்படியே இருக்கும். மோதிர விரலில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் சுருங்கும். ஒரே தண்ணீர், ஒரே கை. வெறும் ஊறல் என்றால் ஐந்தும் சுருங்க வேண்டாமா?

முத்துவேல்_நாகை:
நரம்பு போனால் வியர்வை நின்று தோலே மாறிவிடும். அது காரணமாக இருக்கலாமே?

பிசியோ_ரவி:
செல்வி அக்கா சொல்வது 1936-லேயே மருத்துவத்தில் பதிவானது. கையை 40 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, எந்த விரல் சுருங்கவில்லை என்று பார்ப்பது நரம்புக்கான சோதனையாகவே இருக்கிறது. வியர்வைத் துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்க, நரம்பு தூண்டப்பட்டு அடியிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விரல் நுனியின் சதை வற்றி, மேல்தோலை உள்ளே இழுக்கிறது. தோல் உப்பி மடிவதில்லை அண்ணா, கீழே ஆதரவு குறைந்து மடிகிறது.

முத்துவேல்_நாகை:
சரி, நரம்பை ஒப்புக்கொள்கிறேன். பிடிமானத்தை இன்னும் ஏற்க முடியாது. 2013-ல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஈரக் கோலிக்குண்டுகளைச் சுருங்கிய விரல்கள் வேகமாக எடுத்தது உண்மை. 2014-ல் வேறொரு குழு செய்தபோது அந்த வித்தியாசமே வரவில்லை.

செல்வி:
ஆனால் சோப்புக் கையில் எவர்சில்வர் டம்ளர் எனக்கு நழுவுகிறதே?

முத்துவேல்_நாகை:
உணர்ச்சி குறைந்ததாலும் நழுவும் அல்லவா அம்மா?

செல்வி:
அது நியாயம்தான். அப்படியானால் வலது கையை விடுங்கள், இடது கை முழுசாக நன்றாக இருக்கிறது. பையனின் கோலிக்குண்டுகள் வீட்டில் கிடக்கின்றன. இன்று ராத்திரி ஊறுவதற்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்து நேரத்தை எழுதுகிறேன்.