மனை வாங்குவதை வீட்டில் எப்போது சொல்வது: பத்திரத்துக்கு முன்பா, பின்பா?

மாட்டுத்தாவணி:
திருமங்கலம் பக்கம் 1,200 சதுர அடி மனை ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இருக்கு. பேங்க் லோன் போக, அப்பா தன் பி.எஃப். பணத்துல 8 லட்சம் தர்றேன்னு சொல்லியிருக்கார். அக்காவுக்கும் அத்தானுக்கும் இன்னும் தெரியாது. அத்தான் ரியல் எஸ்டேட் பண்றவர். தெரிஞ்சா அவர் சைட்டுலதான் வாங்கணும்பார். பத்திரம் முடிச்சிட்டுச் சொன்னா போதாதா?

கடைசிபஸ்:
தாராளமா போதும். அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி வாயைத் திறந்தா பத்துப் பேர் பத்து சொல்வான். தண்ணி உப்பும்பான் ஒருத்தன், சுடுகாட்டுப் பாதைம்பான் இன்னொருத்தன், தங்கம் வாங்கியிருக்கலாமேம்பார் சித்தப்பா. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சாப்பாட்டு நேரத்துல ஓனர் பேரு, சென்ட் விலை எல்லாம் சொல்லிட்டார். கூட உட்கார்ந்து சாப்பிட்ட ஆளே ஞாயித்துக்கிழமை போய் விலையைக் கூட்டிக் கொடுத்து முடிச்சிட்டார். இப்பவும் ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டு.

வைகைக்கரையாள்:
ஆபீஸ்ல சொல்ல வேணாம், சரி. இங்க கேள்வி அக்காவைப் பத்தி. போகிறது அப்பாவோட பணம். நாளைக்கு அவர் இல்லாத காலத்துல "எனக்குத் தெரியாம தம்பிக்குக் கொடுத்தார்"னு அக்கா கேட்டா யார் பதில் சொல்றது? பணம் பேங்க் வழியா வரட்டும். அன்பளிப்பா கடனான்னு எழுதி வாங்கிக்குங்க. அப்பா பிள்ளைக்குக் கொடுக்கிற அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது, மறைக்க ஒண்ணுமே இல்லை.

கடைசிபஸ்:
அவர் சுயமா சம்பாதிச்ச பணம், அவர் இஷ்டம். அக்காவுக்குக் கல்யாணத்துல நகை போட்டாச்சுல்ல?

வைகைக்கரையாள்:
நகைக் கணக்கை நீங்க ஆரம்பிச்சா தம்பியோட இன்ஜினியரிங் ஃபீஸ் கணக்கை அக்கா எடுப்பா. பரவாயில்லையா?

சர்வேகல்:
வில்லங்கம், அதாவது அந்த இடத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல், போட்டுப் பார்த்தா எல்லாம் தெரிஞ்சிடும்னு பலர் நினைக்கிறாங்க. பதிவு பண்ணின உயில்கூட அதுல வராது, அது பதிவு ஆபீஸ்ல உயிலுக்குன்னு தனியா இருக்கிற 3-ம் புத்தகத்துல ஏறுற சமாச்சாரம். நாங்க ஒரு பூர்வீக இடம் பார்த்தப்ப எங்க பெரியப்பா பத்திரத்தைக் கையிலயே வாங்கலை. விக்கிறவர் ஊரையும் பேரையும் கேட்டதுமே, "அந்த வீட்டுல ஒரு பொண்ணு உண்டே, திருப்பூர்ல கட்டிக் கொடுத்தாங்களே, அது கையெழுத்து எங்க?"ன்னார். வாரிசுச் சான்றிதழ்ல அந்தம்மா பேர் இருந்துச்சு, கிரய டிராஃப்ட்ல இல்லை. தமிழ்நாட்டுல 1989-லயே கல்யாணமாகாத பொண்ணுங்களுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கு வந்தாச்சு, 2005-ல கல்யாணமானவங்களுக்கும் வந்துடுச்சு. அந்தம்மா கையெழுத்துப் போட வர்ற வரைக்கும் ஒரு பைசா கொடுக்கலை.

கடைசிபஸ்:
அது விசாரணை. பெரியப்பாகிட்ட ஊரும் பேரும் கேட்டீங்க, விலையும் லோனும் சொல்லலையே. வக்கீல்கிட்ட லீகல் ஒப்பீனியனுக்குக் காசு கொடுக்க யோசிக்கிறவங்கதான் சொந்தக்காரங்க வீடு வீடா ஏறி யோசனை கேட்கிறாங்க.

மாட்டுத்தாவணி:
பேசாம அப்பா பேர்லயே பத்திரம் போட்டுட்டா? மீதிப் பணத்தை நான் கட்டிடுறேன். அக்கா பேச்சே வராதுல்ல?

சர்வேகல்:
அப்பதான் வரும். அவர் உயில் எழுதாம போனா அம்மாவுக்கும் அக்காவுக்கும் அதுல பங்கு உண்டு. இன்னொண்ணு, ஒருத்தர் பணத்துல இன்னொருத்தர் பேர்ல வாங்குறதைத் தடுக்கிற பினாமிச் சட்டம். கணக்குல உள்ள பணம்னா மனைவி, பிள்ளை பேர்ல வாங்கலாம். அப்பா பேர்லயோ கூடப் பிறந்தவங்க பேர்லயோ வாங்கினா பத்திரத்துல உங்க பேரும் கூட்டா இருக்கணும். 2016 திருத்தத்துல அப்படித்தான் இருக்கு. அப்புறமா உங்க பேருக்கு மாத்தத் தான செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள்ள சொத்தை எழுதிக் கொடுக்கிற பத்திரம்) போட்டா முத்திரைத்தீர்வை 40,000, பதிவுக்கட்டணம் 10,000 வரைக்கும் ஆகும். கிரயத்துக்கே முத்திரைத்தீர்வை 7-ம் பதிவுக்கட்டணம் 2-மா 9 சதவீதம் கட்டப்போறீங்க, இது வேற எதுக்கு?

வைகைக்கரையாள்:
அக்காகிட்ட அப்பாவே சொல்லட்டும். சைட் பேரு, விலை எதுவும் வேணாம். "தம்பி இடம் வாங்குறான், நான் 8 லட்சம் கொடுக்கிறேன்", அவ்வளவுதான்.

கடைசிபஸ்:
அன்னைக்குச் சாயங்காலமே அத்தான் லேஅவுட் மேப்போட வாசல்ல நிப்பார்.

மாட்டுத்தாவணி:
வரட்டும். அவர் சைட்டோட மூலப்பத்திரமும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பரும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை அக்ரிமென்ட் பதிவு, அதுக்கு முன்னாடி அப்பாவைப் பேசச் சொல்லியிருக்கேன். ஓனர் அட்வான்ஸ் 2 லட்சத்தை ரொக்கமாக் கேட்கிறார், கொடுக்கலாமா?

சர்வேகல்:
கூடாது. இடத்துக்கான அட்வான்ஸை 20,000-ம் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்க வருமான வரிச் சட்டத்துல தடை இருக்கு. செக்காக் கொடுங்க, நம்பரை அக்ரிமென்ட்லயே எழுதிடுங்க.