கார்ப்பெட் கழுவும் மெஷின்: உங்கள் வீட்டில் எது தாங்கியது, எது போனது?

தூசுதும்பு:
வீட்டில் இரண்டு அறை முழுக்கச் சுவரோடு சுவர் கார்ப்பெட். வாரா வாரம் வாக்குவம் போடுகிறோம். அவ்வப்போது தண்ணீர் விட்டுக் கழுவி உறிஞ்சும் மெஷினையும் ஓட்டுகிறோம். அந்த இரண்டாவது மெஷின், வாரண்டி முடிந்த கையோடு மக்கர் பண்ணுகிறது. மோட்டார் சத்தம் வருகிறது, பிரஷ் சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் இறங்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று தேடினால் எல்லா விளம்பரமும் வாட் கணக்கு பேசுகிறது. எத்தனை வருடம் உழைக்கும் என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. உங்களிடம் இருந்ததில் எது போனது, எதனால் போனது? பிராண்டை வைத்துச் சண்டை வேண்டாம். மெஷினுக்குள் என்ன பார்த்து வாங்குவது என்று சொன்னால் போதும்.

பழைய மெக்கானிக்:
புதுசு வாங்குறதுக்கு முன்னாடி பழசைத் திறந்து பாருங்க. மோட்டார் ஓடுது, தண்ணீர் வரலைன்னா மூணு இடத்துலதான் கோளாறு இருக்கும். தண்ணீர் தெளிக்கிற நாசில் அடைச்சிருக்கும், இல்ல டாங்க் அடியில இருக்கிற சின்ன வலை அடைச்சிருக்கும், இல்ல பம்ப் வேலை செய்யாது. சில மாடல்ல பம்புக்குத் தனி பெல்ட் உண்டு, அது அறுந்தா இதே அறிகுறிதான். நாசிலைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீர்ல ஊறப் போடுங்க. ஊசி விட்டுக் குத்தாதீங்க. துளை பெருசானா தண்ணீர் விசிறி மாதிரி பரவாது, ஒரே கோடா விழும். அப்புறம் கார்ப்பெட்டுல பட்டை பட்டையா ஈரம் நிக்கும்.

அடைக்கிறது பெரும்பாலும் சோப்புதான். வேலை முடிஞ்சதும் டாங்க்ல மிச்சத்தை அப்படியே விட்டு மூலையில வெச்சுடறாங்க. குழாய்க்குள்ள அது காய்ஞ்சு கெட்டியாகுது. கடைசியா ஒரு டாங்க் வெறும் தண்ணீர் ஊத்தி ஓட்டி எடுத்தா பம்ப் பல வருஷம் வரும்.

என் மேசைக்கு ரிப்பேருக்கு வந்ததையெல்லாம் நினைச்சுப் பார்த்தா, மோட்டார் தானா செத்து வந்தது குறைவு. மோட்டாரைக் கொன்னு கொண்டு வந்ததுதான் அதிகம். முடி, நூல் எல்லாம் பிரஷ் உருளையோட ரெண்டு முனையிலயும் சுத்திக்கும். பேரிங் சூடாகி, பக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக் மூடி உருகும். பெல்ட் வழுக்க ஆரம்பிக்கும், கருகின ரப்பர் வாசனை வரும். வாங்கும்போதே மெஷினைத் தலைகீழாத் திருப்பிப் பாருங்க. ஸ்க்ரூடிரைவர் ஒண்ணை வெச்சு உருளையை வெளியே எடுக்க முடியுமா? முடியும்னா அதுக்கு என்கிட்ட முதல் மார்க். பெல்ட் தட்டையா இருக்கா, பல் வெச்சதான்னு கேளுங்க. தட்டை பெல்ட் நாளாக நாளாக நீண்டு தளரும், மாத்திக்கிட்டே இருக்கணும். பல் வெச்சது நீண்ட நாள் வரும்.

பூனைக்கு அடிமை:
முடி விஷயத்தில் மெக்கானிக் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கழுவும் மெஷினை ஓட்டுவதற்கு முன் வாக்குவம் போடாவிட்டால், நனைந்த முடி உறிஞ்சும் பாதையில் திரண்டு கம்பளித் துணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் முன்பக்கத்து ஒளி ஊடுருவும் மூடியைக் கையாலேயே கழற்றிக் கழுவ முடிகிற மாடலைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒட்டி மூடிய மாடல்கள் பார்வைக்கு அழகாக இருந்தன. ஆனால் உள்ளே ஊறிய பூனை முடியின் வாசனையை ஒரு முறை முகர்ந்தவர்கள் அந்த அழகைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாட் கணக்கு:
வாட் என்பது மெஷின் தின்னும் மின்சாரம். உறிஞ்சும் திறனுக்கு அது நேரடி அளவு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு வாக்குவம் கிளீனர்களுக்கு 2014 செப்டம்பரில் 1600 வாட் வரம்பு வைத்தது, 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டுக்குக் கீழே கொண்டுவந்தது. அதற்காக அங்கே கார்ப்பெட்டுகள் அழுக்காகிக் கிடக்கவில்லை. கம்பெனிகள் காற்று போகும் பாதையையும் தலைப்பகுதியையும் திருத்தி அமைத்துக்கொண்டன.

தூசுதும்பு கேட்ட கேள்விக்கு அதே விதிகளில் இன்னொரு பகுதிதான் நேரடியாகப் பொருந்தும். மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும், ஹோஸ் 40,000 தடவை வளைந்து நிமிர்ந்த பிறகும் பயன்படும் நிலையில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு 500 மணி நேரம் என்பது ஒன்பது வருடத்துக்கும் மேல். வாங்கும்போது மோட்டார் ஆயுள் எத்தனை மணி நேரம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அதையும் ஒரு தகவலாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: அந்த விதி தண்ணீர் விட்டு உறிஞ்சும் மெஷின்களுக்கும் பேட்டரியில் ஓடுபவற்றுக்கும் பொருந்தாது. அங்கே நம் கண்தான் சோதனைக்கூடம்.

பழைய மெக்கானிக்:
மோட்டார் பேச்சு வந்ததால ஒரு விஷயம். சாதாரண வாக்குவம்ல உறிஞ்சுற காற்றே மோட்டார் வழியா போய் அதைக் குளிர வைக்கும். பையோ ஃபில்டரோ அடைச்சா காற்று குறையும், மோட்டார் சூடாகும். நடுவுல தானா நின்னு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஓடுதுன்னா சூட்டுக்குக் கட்டாகிற பாதுகாப்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். அடைப்பை எடுக்காம திரும்பத் திரும்ப ஸ்விட்ச் போடறவங்க மோட்டாரைத் தவணை முறையில கொல்றாங்க. ஈரம் உறிஞ்சுற மெஷின்ல மோட்டாரைக் குளிர வைக்கத் தனிக் காற்று வழி இருக்கணும். சாதாரண வாக்குவமை வெச்சு ஈரக் கார்ப்பெட்டை உறிஞ்சாதீங்க, ஷாக் அடிக்கும் ஆபத்தும் உண்டு.

கார்பன் பிரஷ், அதாவது மோட்டாருக்குள்ள மின்சாரம் கடத்துற சின்னக் கரித்துண்டு, உள்ள மோட்டார்னா அது தேயறது இயற்கை. மாத்திட்டா மறுபடி ஓடும். அது தனியா கிடைக்குதான்னு வாங்கும்போதே கேட்டுடுங்க.

அப்புறம் கார்ப்பெட்டுல சோடா உப்பு தூவி வாக்குவம் போடற பழக்கம். அந்தப் பொடி ரொம்ப நுண்ணியது. ஃபில்டர்ல அப்பிக்கும், தப்பினது மோட்டார் வரைக்கும் போகும். நாத்தம் போகும், மெஷினும் போகும்.

நுரை வெறுப்பாளர்:
எங்கள் மெஷினை முடித்தது நுரை. கையால் தேய்ப்பதற்கான கார்ப்பெட் ஷாம்பு வீட்டில் மிச்சம் இருந்தது. மாமனார் அதை டாங்கில் ஊற்றி ஓட்டினார். நுரை பொங்கி அழுக்குத் தண்ணீர் டாங்க் நிறைந்து, அங்கிருந்து மோட்டாருக்குள் போய்விட்டது. டாங்க் நிரம்பினால் உறிஞ்சுவதை நிறுத்த உள்ளே ஒரு மிதவை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது தண்ணீருக்கு எழும்பும். நுரைக்கு எழும்பாது. அதனால் இப்போது நுரை அதிகம் வராத, இந்த வகை மெஷினுக்கென்றே உள்ள திரவம் மட்டும்தான், அதுவும் அளவு மூடியால் அளந்து. அதிகம் ஊற்றினால் கார்ப்பெட்டில் பிசுக்கு தங்கி, அது மறுபடி அழுக்கை இழுக்கிறது. கழுவிய இடமே சீக்கிரம் கறுத்துப்போவது அதனால்தான்.

இன்னொரு விஷயம், பலரும் இதை ஸ்டீம் மெஷின் என்கிறார்கள். வீட்டு மாடல்களில் நீராவி வருவதில்லை, குழாயில் வரும் சூடான தண்ணீரைத் தெளித்து உறிஞ்சும், அவ்வளவுதான். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் டாங்க் நெளிந்து, டாங்க் ஓரத்து ரப்பர் வளையமான கேஸ்கெட் இளகி, அங்கே காற்று கசியும். காற்று கசிந்தால் உறிஞ்சுவது பாதியாகிவிடும், தண்ணீர் கார்ப்பெட்டிலேயே நிற்கும்.

தூசுதும்பு:
மெக்கானிக் சொன்னபடி திறந்தேன். நாசில் சுத்தமாகத்தான் இருந்தது. டாங்க் அடி வலையில் வெள்ளைக் கெட்டிப்பு. ஊற வைத்துக் கழுவியதும் தண்ணீர் இறங்குகிறது! ஆனால் முன்னளவு வேகம் இல்லை, பம்ப் தளர்ந்துவிட்டது போலிருக்கிறது. இதை ஓட்டும்வரை ஓட்டிவிட்டு அடுத்ததை நிதானமாகத் தேடலாம். கம்பியில்லாத பேட்டரி மாடல் யாராவது வைத்திருக்கிறீர்களா?

மாடிப்படி:
வைத்திருக்கிறேன். படிக்கட்டுக் கார்ப்பெட்டுக்கு அதைவிட வசதி இல்லை. உழைப்பு என்று கேட்டால் பேட்டரிதான் முதலில் கிழடாகும். லித்தியம் அயான் எதுவானாலும் சார்ஜ் போடப் போட அதன் கொள்ளளவு குறையும். பேட்டரியை நாமே கழற்றி வேறு மாட்ட முடிகிற மாடலா என்று பாருங்கள். உள்ளேயே வைத்து மூடிய மாடல் என்றால், மோட்டார் நன்றாக இருந்தாலும் பேட்டரியோடு மெஷினுக்கும் கணக்கு முடிந்தது. பெரிய அறை முழுக்கக் கழுவ என்னுடையது போதாது, அதற்குக் கம்பி மெஷின்தான்.

வாடகைக்காரர்:
ஒரு மாற்றுக் கருத்து. வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் கழுவுபவர் சொந்தமாக வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. நாங்கள் பெரிய மெஷினை வாடகைக்கு எடுக்கிறோம். உறிஞ்சுதல் பலமாக இருப்பதால் கார்ப்பெட் சீக்கிரம் காய்கிறது. ஒரு முறை தண்ணீர் விட்டால் இரண்டு முறை தண்ணீர் விடாமல் உறிஞ்சி எடுங்கள், பிறகு ஃபேன். ஈரம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் போகாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆனால் குழந்தை, நாய், பூனை என்று தினம் ஏதாவது கொட்டுகிற வீட்டில் வாடகை சரிவராது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே சிறிய கறை நீக்கும் மெஷின் ஒன்று கையோடு இருப்பது நல்லது.

கம்பளி:
கையால் முடிச்சுப் போட்டு நெய்த கம்பளி விரிப்பு உள்ளவர்கள் மேலே சொன்ன எதையும் அப்படியே செய்யாதீர்கள். முதலில் வெள்ளைத் துணியை நனைத்து ஓர் ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். சாயம் துணியில் இறங்கினால் கழுவும் மெஷின் அதன் பக்கமே போகக் கூடாது. காரத்தன்மை அதிகமுள்ள திரவம் கம்பளி இழையைக் கெடுக்கும். புரதக் கறையைக் கரைக்கும் என்சைம் கலந்தவையும் வேண்டாம், கம்பளியே புரதம்தானே. அடியில் சணல் இருந்தால் அதிக ஈரத்தில் பழுப்பு நிறம் மேலே ஏறும், சுருங்கவும் செய்யும். இந்த வகைக்கு நல்ல வாக்குவம் போதும், அதிலும் சுழலும் பிரஷைத் தனியாக நிறுத்தும் ஸ்விட்ச் இருக்க வேண்டும். வளைய இழைக் கார்ப்பெட்டுக்கும் அதே ஸ்விட்ச் தேவை. ஓர் இழை பிரஷில் மாட்டினால் வரிசையாக உருவிக்கொண்டு வரும்.

வாக்குவமையும் தவறவிடாதீர்கள், சோபாவுக்கு அடியிலும் போடுங்கள். கம்பளி தின்னும் வண்டின் புழுக்கள் யாரும் நடக்காத இடத்தில்தான் குடியிருக்கும்.

தூசுதும்பு:
நன்றி. தெரிந்தவர் ஒருவர் கொஞ்சநாள் ஓட்டிய கம்பி மெஷினைக் கொடுக்கிறேன் என்கிறார். நேரில் போய் என்ன பார்ப்பது?

பழைய மெக்கானிக்:
வெறுமனே ஸ்விட்ச் போட்டுக் காட்டினா தலையாட்டிட்டு வந்துடாதீங்க. டாங்க்ல தண்ணீர் ஊத்தி, கார்ப்பெட் மேலேயே ஓட்டச் சொல்லுங்க. தண்ணீர் அகலம் முழுக்க சமமா விழணும். அப்புறம் ஈரத்தை உறிஞ்சவிட்டு, அழுக்கு டாங்க்ல எவ்வளவு திரும்பி வருதுன்னு பாருங்க. டாங்க் ஓரத்து ரப்பரை விரலால அழுத்துங்க, வெடிப்பு இருந்தா காற்று இழுக்கும். வெளியே வர்ற காற்றை முகர்ந்து பாருங்க, கருகின வாசனை வந்தா வேண்டாம். ஒயரை மெஷினுக்குள்ள நுழையற இடத்துல வளைச்சுப் பாருங்க, உள்ளே அறுந்திருந்தா அங்கேதான் விட்டு விட்டு ஓடும். அடியில ஒட்டியிருக்கிற மாடல் நம்பரைக் குறிச்சுக்கிட்டு, அதுக்குப் பெல்ட்டும் கேஸ்கெட்டும் இப்ப விக்குதான்னு தேடிப் பார்த்துட்டுப் பணம் கொடுங்க.