சாரலில் நனைந்தவர்கள் இங்கே வாருங்கள்: தென்காசி, குற்றாலம் அனுபவங்கள்

ஜன்னலோரம்

சாரல் சீசன் தொடங்கிவிட்டது என்று ஊரிலிருந்து போன் வந்தது. அப்போதிலிருந்து அந்தப் பூக்கார ஆச்சி ஞாபகமாகவே இருக்கிறது. அதனால்தான் இந்த இழை.

போன வருஷம் ஜூலை. பொதிகை எக்ஸ்பிரஸில் வந்தேன். மலை தெரிய ஆரம்பித்ததும் எல்லாரும் ஜன்னல் பக்கம் வந்துவிடுவார்களே, அன்றைக்கு நான் மட்டும் லேப்டாப்பை மூடவில்லை. அவ்வளவு வேலை, அதைவிட அதிகமாகக் கோபம். தென்காசியில் இறங்கி, பையோடு நேராகக் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனேன். சட்டென்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்கு. கோபுர வாசல் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு அதற்குள் புகுந்து நடந்தேன். வாசலோரம் பூக் கட்டிக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “எய்யா, எங்க ஓடுத? நில்லு. காத்த வாங்கிட்டுப் போ. சாமி எங்கயும் போயிறாது.”

நின்றேன். சட்டைக்குள் முழுக்கக் காற்று. கையிலிருந்த செருப்பு டோக்கன் பறந்தது, யார் வீட்டுப் பிள்ளையோ ஓடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தது. பத்து நிமிடம் நின்றிருப்பேன். ரயிலில் யாருக்கு என்ன பதில் எழுதுவது என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேனோ, அதில் ஒரு வரிகூட மிச்சமில்லை.

அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் கல்லில் வெட்டி வைத்த பாட்டு ஒன்று உண்டு. பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து, யாராவது அதைச் சரிசெய்தால், அவர்களை இப்போதே பணிகிறேன் என்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டு ராஜா சொன்னது. அப்புறம் ராஜகோபுரம் சிதைந்து, பல காலம் மொட்டையாக நின்று, 1990-ல்தான் மறுபடி ஒன்பது நிலையாக எழுந்து குடமுழுக்குக் கண்டது. இதெல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அன்றைக்குத்தான் அது உள்ளே இறங்கியது. பழுது வரும் என்று தெரிந்து, சரிசெய்ய ஒருவர் வருவார் என்று நம்பி, முன்கூட்டியே கும்பிட்டு வைப்பது எவ்வளவு பெரிய மனசு!

இன்றும் உறுத்துவது ஒன்று. அந்த ஆச்சியிடம் நான் ஒரு முழம் பூகூட வாங்கவில்லை.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

ஈரத்துண்டு

எனக்குக் குற்றாலம் பேரருவி. விடியற்காலை நாலு மணி, நல்ல தண்ணீர், கூட்டம் குறைவு.

வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. அருவிக்கு அடியில் போக எனக்குத் துணிச்சல் இல்லை, ஓரத்தில் தெறிக்கிற தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. “தலையைக் குனிஞ்சுக்கிடுங்க அண்ணாச்சி, வாயால மூச்சு விடுங்க” என்று சொல்லி என்னைத் தண்ணீருக்குள் இழுத்தார் ஒருவர்.

அதன் பிறகு எதுவும் கேட்காது, தெரியாது. உங்களுக்கே தெரியும், அங்கே நின்றால் சொந்தக் குரல்கூட நமக்குக் கேட்காது. மேலே பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து வேகம் குறைந்துதான் தண்ணீர் நம் தலைக்கு வருகிறது என்பார்கள். குறைந்த வேகமே தோளில் நூறு பேர் தட்டுவதுபோல இருந்தது. நான் அழுதேன். அழுதது எனக்கே தெரியவில்லை, வெளியே வந்து கண் எரிந்தபோதுதான் புரிந்தது. அவ்வளவு நேரமும் அந்தக் கை என் மணிக்கட்டை விடவேயில்லை.

திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் போய்விட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கை சொரசொரப்பாக இருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது. அன்று மாலையே வீட்டில் உண்மையைச் சொன்னேன்.

மேலகரத்து மாடி

ஜன்னலோரம், ஈரத்துண்டு, இரண்டு பேர் எழுதியதும் நெஞ்சைத் தொட்டது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வருவது சீசனுக்கு. நாங்கள் இங்கே பன்னிரண்டு மாதமும் இருக்கிறோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஞாயிற்றுக்கிழமையானால் மேலகரத்திலிருந்து குற்றாலம் போகிற சாலையில் வண்டி நகராது. அந்த நாட்களில் எங்களுக்கு மனசு லேசாவதில்லை, கனக்கத்தான் செய்கிறது. எங்கள் சாரல் நீங்கள் எல்லாரும் ஊருக்குப் போன பிறகு, செப்டம்பரில் மிச்சமாக வருகிற சாரல். துணி காயாத, அடுப்படியில் கொடி கட்டுகிற, தெருவில் ஒருவரும் இல்லாத சாரல்.

சின்ன ஊர் என்றாலே நிம்மதி என்பதும் முழு உண்மை இல்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எனக்குக் கல்யாணப் பேச்சு முறிந்தது என் காதுக்கு வருமுன் பால்காரர் காதுக்குப் போய்விட்டது. ஒரு மாதம் தலை நிமிராமல் நடந்தேன். எங்கேயாவது யாருக்கும் என்னைத் தெரியாத ஊருக்குப் போய்விட வேண்டும் என்றிருந்தது.

அந்த மாதத்தில் ஒரு நாள்தான் நான் சொல்ல வந்தது. காய்ச்சலில் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் கிளம்பத் தாமதம். வழக்கமான மினி பஸ் போயிருக்கும் என்று மெதுவாகத் தலை வாரிக்கொண்டிருந்தேன். வாசலில் ஹாரன். எட்டிப் பார்த்தால் பஸ் நிற்கிறது. உள்ளே இருபது பேர். கண்டக்டர் அண்ணன் படியில் தொங்கிக்கொண்டு, “ரெண்டு நாளா ஆளக் காணோம், இன்னைக்காவது வருவியா மாட்டியா? அவுகளுக்கும் நேரமாவுதுல்லா” என்றார். அந்த இருபது பேரில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு அக்கா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

பால்காரர் காதுக்குப் போன அதே விஷயம் இந்த இருபது பேருக்கும் தெரியும். தெரிந்துதான் நின்றார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு ஏறி உட்கார்ந்த பிறகு தலை தானாக நிமிர்ந்தது.

சீசன் நோட்டு

நான் வருஷா வருஷம் வருகிறவன். ஒரு முறை பழைய குற்றால அருவியில் வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் கலங்கலாக வந்தது. ஒரு பெரியவர் கத்தினார், எல்லாரும் மேலே ஏறினோம். ஐந்து நிமிடத்தில் நாங்கள் நின்ற இடம் தெரியவில்லை. அந்தக் கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் வரப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கிறது என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. மழை மேலே மலையில் பெய்யும், தண்ணீர் இங்கே வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனைக் கொண்டுபோனதை மறக்க வேண்டாம். தண்ணீரின் நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, துண்டைத் தேடாமல் வெளியேறுங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவுக்கு மேல் தண்ணீர் விழுந்தால் போலீஸ் தடை போடுவார்கள். அவர்களோடு வாதம் வேண்டாம். “ஒரே நிமிடம் சார்” என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு அருவியில் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே சொல்லியிருக்கிறது. எண்ணெய் தேய்த்துத்தான் குளிக்க வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்கள் தங்கும் இடத்திலேயே தேய்த்து அலசிவிட்டு வாருங்கள். இதே தண்ணீர்தான் சிற்றாறாகப் போய் வயலுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்கிறது. நம் அழுக்கை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டியதில்லை.

வார நாளில் வாருங்கள். விடியலுக்கு முன் வாருங்கள். பளபளப்பான பிளாஸ்டிக் பை கையில் வேண்டாம், குரங்கு அதைத் தின்பண்டம் என்றே எடுத்துக்கொள்ளும். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அருவிக்கு அடியில் போகாதீர்கள், முதலில் அவர்கள் காலை நனையுங்கள், பிறகு முதுகை. குளித்து முடித்ததும் ஈரத்தோடு காற்றில் நிற்காமல் சூடாக ஏதாவது குடியுங்கள். சாரல் சில வருஷம் ஏமாற்றும், நடுவில் பத்து நாள் வெயிலடிக்கும். அதனால் ஊரில் யாரையாவது கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

மஞ்சள் வயல்

சீசன் நோட்டு ஐயா, நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அருவியில் குளிக்க முடியாவிட்டால் வர வேண்டாம் என்கிற மாதிரி முடித்துவிட்டீர்களே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அருவியில் தடை போட்ட நாளில்தான் எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது.

மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தோம். பேரருவி தடை, ஐந்தருவி தடை. பையன் அழுகிறான். சரி என்று சுந்தரபாண்டியபுரம் பக்கம் வண்டியை விட்டேன். சூரியகாந்தி பூத்திருந்த ஆகஸ்ட். ரோட்டோரம் நிறுத்தி இறங்கினோம், நான் போன் பேசிக்கொண்டிருந்த இரண்டு நிமிடத்தில் பையன் வயலுக்குள் ஓடி ஒரு செடியை மிதித்து முறித்துவிட்டான்.

வரப்பில் நின்ற விவசாயி மெதுவாக நடந்து வந்தார். நான் பர்ஸை எடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பையனுக்கு முன்னால் உட்கார்ந்து, முறிந்த பூவை நறுக்கி அவன் கையில் கொடுத்து, “எண்ணிச் சொல்லு பாப்போம், எத்தன விதை இருக்கு?” என்றார். முகத்தை விடப் பெரிய பூ. பையன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தான். நானும் உட்கார்ந்தேன். மேற்கே மலை முழுக்க மேகம், தூறல் விழுகிறது, விழுந்தது தெரியாமல் காய்கிறது. நூற்றுச் சொச்சத்தில் கணக்குத் தவறி மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். ஒன்றரை மணி நேரம். என் மகனோடு அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. “அடுத்த வாட்டி வரப்புல நின்னு பாக்கச் சொல்லுங்க, அது போதும்” என்றார். பல வயல்களில் படம் எடுக்க இறங்கி மிதிக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டபோது, அவர் குரலில் இருந்த களைப்பு புரிந்தது. தயவுசெய்து வரப்பில் நில்லுங்கள்.

பகவதிபுரம்

எல்லாரும் சாரலைப் பற்றிப் பேசுகிறீர்கள், அது வருகிற வழியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை! மலைத்தொடரில் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் ஒரு கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்து வழியாக நுழைவதால்தான் திருநெல்வேலி வெயிலில் காயும்போது நாம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஜன்னலோரத்தை நிறுத்திய காற்றும் மஞ்சள் வயலில் விழுந்த தூறலும் வந்தது அந்த ஒரே வாசல் வழியாகத்தான்.

ரயிலும் அதே வழிதான். 1904-ல் போட்ட மீட்டர்கேஜ் பாதை. எங்கள் ஆச்சி திருவிதாங்கூரில் பிறந்து, வீடு மாறாமலேயே, மாநில எல்லை மாறியதால், 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தவர். செங்கோட்டைக்காரர்களுக்கு இது புரியும். அவருக்கு மலைக்கு அந்தப் பக்கமும் சொந்தம், இந்தப் பக்கமும் சொந்தம். 2010-ல் அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தியபோது ஆச்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

2018-ல் மறுபடி ஓட ஆரம்பித்ததும் கூட்டிக்கொண்டு போனேன். பகவதிபுரம் ஸ்டேஷன் தாண்டிப் பெரிய குகை வந்தது. பிள்ளைகள் எல்லாம் கூச்சல் போடுவார்களே, அந்த இருட்டில் என் பக்கத்திலிருந்தும் ஒரு கூச்சல். ஆச்சி! எண்பது வயதுக்கு மேல். வெளிச்சம் வந்ததும் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. “சின்னதுல எங்கய்யாகூடப் போம்போது கத்துவேன்” என்றார், என்னிடம் இல்லை, மழையிடம்.

திரும்பி வரும்போது அதே குகையில் நான் காத்திருந்தேன். அவர் தூங்கிவிட்டார். எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை.

ஈரத்துண்டு

பகவதிபுரம், எழுப்பாமல் விட்டது சரிதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு கூச்சல் அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

ஜன்னலோரம்

வெள்ளிக்கிழமை இரவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். மேலகரத்து மாடி, ஞாயிறு சாலைப் பக்கமே வர மாட்டேன், கோயிலோடு சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பூக்கார ஆச்சி இப்போதும் வாசலில் அதே இடத்தில்தான் உட்காருகிறாரா?

மேலகரத்து மாடி

இன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இடம் மாறியிருக்கிறார், கொஞ்சம் தள்ளி மதில் ஓரம். இந்த வருஷம் காற்று அதிகமாம், கட்டக் கட்டப் பூ பறக்கிறதாம். சென்னையிலிருந்து ஒருவர் பூ வாங்க வருகிறார் என்று சொல்லி வைத்தேன். பிச்சிப்பூ வேண்டுமானால் ஒன்பது மணிக்குள் வரச் சொன்னார்.