விரிசல் விட்ட கிளட்ச் கவரை வீட்டிலேயே அடைத்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். டிராகன்ஸ்பெர்க் மலை அடிவாரத்துக் கற்பாதையில் என் தங்கை மகன் மோட்டார் சைக்கிளோடு வலப்பக்கமாக விழுந்தபோது, பிரேக் மிதி உள்நோக்கி வளைந்து எஞ்சினின் பக்கவாட்டில் கிளட்சை மூடியிருக்கும் உலோக மூடியான கிளட்ச் கவரைக் குத்தியதில், விரல் நீளத்துக்கு விரிசல் கண்டு எண்ணெய் கசியத் தொடங்கியது. அவன் உடனே எஞ்சினை அணைத்து, பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். எண்ணெய் குறைந்த நிலையில் ஓட்டியிருந்தால் கவரோடு நஷ்டம் நின்றிருக்காது.

இத்தகைய வேலையில் பசையை விட முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: கவர் எந்த உலோகம், விரிசல் எந்த இடத்தில் இருக்கிறது. சில வண்டிகளில் கவர் மக்னீசியத்தால் ஆனது. உட்பக்கம் ஓர் ஓரத்தைச் சுரண்டி ஒரு துளி வினிகர் விட்டால், மக்னீசியம் உடனே நுரைக்கும். அலுமினியம் அப்படி நுரைப்பதில்லை. மக்னீசியத் துகள் தீப்பற்றக்கூடியது, அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது என்பதால், அவ்வகைக் கவரை வீட்டில் அராவாமல் இருப்பதே நல்லது. எங்களுடையது அலுமினியம், விரிசலும் சமதளமான நடுப்பகுதியில்தான் இருந்தது. போல்ட் துளையிலோ, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தாள் உட்காரும் விளிம்பிலோ, தண்டு சுழலும் இடத்திலோ விரிசல் இருந்தால் எபாக்ஸிப் பசையை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வண்டியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்துக் கவரைக் கழற்றினால் எண்ணெய் அதிகம் கொட்டாது. உடைந்த சில்லு ஏதேனும் உள்ளே விழுந்திருக்கிறதா என்று விளக்கு வைத்துத் தேடினோம். பற்சக்கரங்களுக்கிடையே ஒரு துணுக்கு அகப்பட்டாலே பெருஞ்சேதம்.

அதிகப் பொறுமை தேவைப்பட்டது சுத்தம் செய்வதற்குத்தான். வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். அசிட்டோனால் கழுவி, அது முற்றிலும் ஆவியான பிறகு ஹீட் கன்னால் சூடாக்கினால், விரிசலோரம் கறுப்பாக எண்ணெய் வியர்க்கும்; துடைத்து, மீண்டும் கழுவி, மீண்டும் சூடாக்கி, வெள்ளைத் துணியில் கறை படிவது நிற்கும் வரை இதைத் தொடர வேண்டும். பசை விட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் காட்டிய அவசரத்தால்தான். பிறகு விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டோம். அது விரிசல் மேலும் ஓடாமல் தடுக்கும். நெடுகிலும் ஆங்கில வி வடிவில் பள்ளம் அராவி, சுற்றுப்புறத்தை 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினோம்.

இரும்புத்தூள் கலந்த ஜேபி வெல்ட் என்னும் எபாக்ஸிப் பசையின் பழைய வகையை, அதன் இரு பகுதிகளையும் சம அளவில் கலந்து பூசினோம். அது உறைய 4 முதல் 6 மணி நேரமும், முழு வலிமை பெற 15 முதல் 24 மணி நேரமும் ஆகும். சில நிமிடங்களில் இறுகும் வகை எஞ்சின் சூட்டை அந்த அளவுக்குத் தாங்காது. உட்புறம் அலுமினிய வலைத்துண்டு ஒன்றைப் பதித்து மெல்லியதாகப் பூசினோம். தடித்துவிட்டால் உள்ளே சுழலும் கிளட்ச் கூடை உரசும் என்பதால், பூட்டுவதற்கு முன் இடைவெளியை அளந்து பார்த்துக்கொண்டோம்.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் எங்கள் மாமா, பசையை விட, மின்பொறியால் உலோகத்தை உருக்கி இணைக்கும் டிக் வெல்டிங்தான் நிலையானது என்கிறார். அவர் தந்த எச்சரிக்கையை இங்கே அவசியம் பதிவு செய்ய வேண்டும்: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் கழுவிய பாகத்தில் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகலாம்.

புதிய கேஸ்கெட்டும் எண்ணெயும் போட்டு, போல்ட்டுகளை மூலைவிட்டமாகச் சிறிது சிறிதாக இறுக்கினோம். இதுவரை கசிவில்லை. கவருக்கு மேல் ஒரு பாதுகாப்புத் தகடும் பொருத்தியிருக்கிறோம். லெசோத்தோ மலைகளுக்குச் செல்வதானால் புதிய கவரைப் போட்டுக்கொண்டுதான் செல்ல வேண்டும் என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன்.