ரஞ்சியில் பார்த்த பத்ரி

தமிழ்நாட்டு பேட்ஸ்மேன் சுப்ரமணியம் பத்ரிநாத் பேச்சு வந்தாலே, "பாவம், இந்தியாவுக்கு ஒழுங்கா சான்ஸ் கொடுக்கல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் அவர் ஆடியதை நிறையப் பார்த்தவன் என்ற முறையில், அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை.

சேப்பாக்கத்தில் உள்நாட்டு அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் பார்க்க அப்போதெல்லாம் டிக்கெட் கிடையாது. கேட்டில் பையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிடுவார்கள். அவ்வளவு பெரிய ஸ்டேடியத்தில் அங்கங்கே சிலர்: பேப்பரோடு வந்த ரிட்டயர்டு பெரியவர்கள், கிட் பேக்கோடு லீக் பையன்கள், வகுப்புக்கு மட்டம் போட்ட என்னைப் போன்றவர்கள். கூட்டம் இல்லாததால் பந்து மட்டையில் படுகிற சத்தம் ஸ்டாண்டில் மோதித் திரும்பும். யார் நடுமட்டையில் ஆடுகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

அங்கேதான் பத்ரியைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முதல் அரை மணி நேரம் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விட்டுக்கொண்டே இருப்பார். கையை உயர்த்தி, தலையை அசைக்காமல், பந்து கீப்பர் கைக்குப் போகிற வரைக்கும் பார்ப்பார். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் அவர் பந்தை விடும் ஒவ்வொரு முறையும் "சபாஷ்" என்பார், பவுண்டரிக்குச் சொல்கிற மாதிரியே. பவுலர் பொறுமையிழந்து ஸ்டம்புக்கு நேராக வந்ததும் காலில் வாங்கி மிட்விக்கெட் பக்கம் தள்ளுவார். ஸ்பின் வந்தால் இறங்கி வருவார், இல்லையென்றால் கிரீஸின் ஆழத்துக்கே போய்விடுவார். பாதி தூரத்தில் மாட்டிக்கொண்டு தடவுகிற வேலையே கிடையாது. மதியம் கடல் காற்று ஆரம்பிக்கிற நேரத்தில் ஸ்கோர்போர்டைப் பார்த்தால் எழுபது, எண்பது இருக்கும். எப்போது அடித்தார் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

இப்படிச் சேர்த்த ரன்தான் முதல்தர கிரிக்கெட்டில் (ரஞ்சி, டெஸ்ட் மாதிரிப் பல நாள் ஆட்டங்களில்) 10,245. சராசரி 54.49, சதங்கள் 32. இந்தச் சராசரியோடு ஒருவர் வெளியே காத்திருந்தார் என்றால், உள்ளே இருந்தவர்கள் திராவிட், டெண்டுல்கர், லக்ஷ்மண், கங்குலி. யாரை எடுத்துவிட்டு இவரைப் போடுவது?

2008-ல் தம்புள்ளையில் ஒருநாள் அறிமுகம். இலங்கையை 142-க்குச் சுருட்டிவிட்டு நம்மவர்களும் விக்கெட்டைக் கொட்டிக்கொண்டிருந்தபோது, அவுட் ஆகாமல் 27 அடித்து ஜெயிக்க உதவினார். டெஸ்ட்டுக்கு 2010 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாக்பூரில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. திராவிடும் லக்ஷ்மணும் இல்லை. பத்ரிக்கு அப்போது 29 வயது. ஆம்லா 253 நாட் அவுட், காலிஸ் 173, அவர்கள் ஸ்கோர் 558. பதிலுக்கு நாம் 56-க்கு 3.

அன்றைக்கு டிவி முன்னால் நகராமல் உட்கார்ந்திருந்தேன். அவர்களின் வேகப்பந்து வீச்சாளர் ஸ்டெய்ன் வெறியோடு போட்டுக்கொண்டிருந்தார். மறுமுனையில் சேவாக் தன் போக்கில் அடிக்க, பத்ரி சேப்பாக்கத்தில் செய்ததையே செய்தார்: விட்டார், தடுத்தார், விட்டார். இரண்டு பேரும் 136 சேர்த்தார்கள். சேவாக் 109, பத்ரி 56. அப்புறம் பழைய பந்து ரிவர்ஸ் ஸ்விங் ஆகத் தொடங்கியது. மளமளவென்று சரிந்து 233-க்கு ஆல் அவுட். ஸ்டெய்னுக்கு 7 விக்கெட். அந்த அனலில் முதல் டெஸ்ட்டிலேயே ஐம்பது அடித்தவருக்கு, அடுத்த கொல்கத்தா டெஸ்ட்டோடு கதவு சாத்தப்பட்டது. இரண்டே டெஸ்ட். இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

டி20-யில் கணக்கு இன்னும் விசித்திரம். 2011 ஜூனில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 43 அடித்து ஆட்டநாயகன் ஆனார். அவர் ஆடிய ஒரே சர்வதேச டி20 அதுதான்!

சிஎஸ்கே ரசிகர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்தணும். 2010 தர்மசாலா மேட்ச்சில் கடைசி ஓவரில் தோனி சிக்ஸர் அடித்து ஹெல்மெட்டில் குத்திக்கொண்டதை எல்லோரும் இன்னும் பேசுகிறோம். அந்த சேஸில் பத்ரி 53 அடித்திருந்தார். ஆட்டம் கடைசி ஓவர் வரை வந்ததே அதனால்தான். விக்கெட் விழுந்தால் மட்டும் பேடைக் கட்டு, இல்லையென்றால் பாயிண்டில் பாய்ந்து பாய்ந்து ஃபீல்டிங் செய் என்பதுதான் சிஎஸ்கேவில் பல நாள் அவருக்குக் கிடைத்த வேலை. அதையும் முகம் சுளிக்காமல் செய்தார்.

2014-15-ல் தமிழ்நாட்டை விட்டு விதர்பாவுக்குப் போய் கேப்டன் ஆனார். அவர்களின் சொந்த மைதானம் நாக்பூர் ஜாம்தா, ஸ்டெய்னை எதிர்கொண்ட அதே மைதானம். 2018-ல் ஓய்வு அறிவித்தார்.

அவர் விதர்பாவுக்கு ஆடியதை மட்டும் நான் நேரில் பார்த்ததில்லை. அப்போது நாக்பூரில் வேலையில் இருந்த நம்மவர்கள் யாராவது பார்த்திருந்தால், அங்கே எப்படி ஆடினார், அந்தப் பையன்கள் அவரிடம் எப்படிப் பழகினார்கள் என்று விரிவாக எழுதுங்கள்.