சார்க்கோபீனியாவுக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

மதுரை பிசியோ, திங்கள் இரவு 9.50

அனைவருக்கும் வணக்கம். எங்கள் முதியோர் பிரிவுக்கு வருகிறவர்களிடம் கொடுக்க இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பயிற்சிப் படங்கள், சாப்பாட்டுக் குறிப்பு எல்லாம் தயார். தலைப்பில்தான் மாட்டிக்கொண்டேன். சார்க்கோபீனியா: வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலுவும் குறைந்துகொண்டே போவது.

வரைவில் ‘மூப்புத் தசைநலிவு’ என்று போட்டு, வரிசையில் இருந்த ஒரு தாத்தாவிடம் படிக்கக் கொடுத்தேன். தலைப்பைப் பார்த்ததுமே, “இதுக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வைக்கணுமாம்மா?” என்றார். நலிந்தோர் உதவித்தொகை விண்ணப்பம் என்று நினைத்துவிட்டார்.

‘சிதைவு’ வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் மரபணு நோய்க்குச் செய்திகளில் தசைநார்ச் சிதைவு என்று எழுதுகிறார்கள், படித்தால் பயந்துபோவார்கள். ‘தேய்மானம்’ ஏற்கெனவே மூட்டுக்குப் போய்விட்டது. வேறு ஏதாவது சொல்லுங்கள்.

சென்னை மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு 10.15

சார்க்கோபீனியா என்றே போடுங்கள். ஷுகர், பிரஷர் எல்லாம் யார் கேட்டு வந்தது?

கும்பகோணம் தமிழாசிரியர் (ஓய்வு), செவ்வாய் காலை 5.30

சென்னைத் தம்பிக்கு எப்போதும் அவசரம். மூலச்சொல்லைப் பார்ப்போம். கிரேக்கத்தில் சார்க்ஸ் என்றால் ஊன், பீனியா என்றால் வறுமை. நேரடியாக ‘ஊன்வறுமை’ ஆகும். இன்னும் அழகாக ‘ஊன் நல்குரவு’ எனலாம். (வேண்டாம், சிரிப்பீர்கள் என்று தெரியும்.)

வலு போவதுதானே நோய்? ‘தசைவலிக் குறைவு’ எனலாமே. வலி என்றாலே வலிமைதான். வள்ளுவர் வலியறிதல் என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார்.

ஆனால் என் மனம் நிற்பது வேறு இடத்தில். தொல்காப்பியர் உரியியலில் ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய், ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்’ என்கிறார். உள்ளதன் நுணுக்கம், அதாவது முன்பு இருந்தது சிறுத்துப்போவது. நோயின் வரையறையே இதுதானே! கலித்தொகையில் கோடையில் வாடிய யானையை ‘ஓய்களிறு’ என்பார்கள். அவ்வளவு பெரிய உடம்பு, ஆனால் வலு இல்லை. ஆகவே ‘ஓய்தசை’. வினைத்தொகை என்பதால் ஓய்ந்த தசை, ஓய்கின்ற தசை, ஓயும் தசை என முக்காலமும் அதில் அடங்கும். நாளுக்கு நாள் வளரும் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் உண்டா?

உறுப்புநலன் அழிதல் அதிகாரத்தில் வரும் ‘பணைநீங்கிப் பைந்தொடி சோரும்’ என்ற குறளையும் பாருங்கள். தோளின் பருமை போய் வளை கழல்கிறது. நம் முன்னோர் இந்த நோயை அன்றே கண்டிருக்கிறார்கள்.

மதுரை பிசியோ, செவ்வாய் காலை 7.10

ஐயா, ‘தசைவலிக் குறைவு’ என்று அச்சடித்தால் தைலம் விளம்பரம் என்று நினைத்து, “எங்கம்மா கிடைக்கும்?” என்று கேட்பார்கள். ஓய்தசை கேட்க நன்றாக இருக்கிறது. யோசிக்கிறேன்.

கோவை மருத்துவர், செவ்வாய் இரவு 11.20

புறநோயாளிகளைப் பார்த்து முடித்து இப்போதுதான் இழையைப் படித்தேன். ஐயாவின் குறளை ரசித்தேன், ஆனால் நோயறிதல் தவறு! அந்தத் தலைவி பிரிவில் சாப்பிடாமல் இளைத்தவள். தலைவன் வந்து நாலு வேளை நன்றாகச் சாப்பிட்டால் வளை மறுபடி நிற்கும். அது பட்டினி இளைப்பு. சார்க்கோபீனியா வேண்டுமென்றால் புறநானூறு 243-க்குப் போங்கள்: இளமையில் மரமேறி மடுவில் குதித்தவர், இப்போது கோலூன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசுகிறாரே, அவர்தான் என் நோயாளி.

பெயர் வந்த கதை: 1988-இல் அமெரிக்காவில் ஆல்புகர்க்கி நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் இதைப் பற்றிப் பேசினார். வயதோடு இவ்வளவு பெரிய மாற்றம் நடக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை, பெயர் இல்லாததுதான் காரணம் என்று இரண்டு கிரேக்கப் பெயர்களை முன்வைத்தார். ஒன்று சார்க்கோமலேசியா. நல்லவேளை, மற்றது நின்றது. பெயர் வந்த பிறகும் 2016-இல்தான் அமெரிக்க நோய்க்குறியீட்டுப் பட்டியலில் தனி எண் கிடைத்தது. அதுவரை ‘வயசானா அப்படித்தான்’.

அப்போது அளவுதான் பேச்சு. இப்போது வலுவுக்குத்தான் முதலிடம், ஏனென்றால் தசை குறைவதைவிட வேகமாக வலு குறைகிறது. ஆசிய நிபுணர் குழுவின் 2019 அளவுகோலில் கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் குறைவு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனாலும் சந்தேகிக்க வேண்டும். ஆகவே ‘மெலிவு’ என்று யாராவது கிளம்பினால் இப்போதே மறுத்துவிடுகிறேன். நல்ல பருமனாக இருப்பவருக்கும் இது வரும். கொழுப்பு மூடியிருப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

‘ஓய்தசை’க்கு இலக்கணக் குறை இல்லை, மருத்துவக் குறை இருக்கிறது. ‘ஓய்’ என்று காதில் விழுந்தாலே நம் ஆட்கள் ஓய்வு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மகன் வந்து, “டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டார், பாட்டி எழுந்திரிக்காதே” என்பான். மருந்தே எதிர்ப்பு விசைப் பயிற்சிதான் (எடை தூக்குவது போல, தசையைப் பளுவுக்கு எதிராக உழைக்க வைப்பது) என்னும்போது, கட்டிலில் படுக்கவைக்கும் சொல்லை நாமே கொடுக்கலாமா?

கும்பகோணம் தமிழாசிரியர் (ஓய்வு), புதன் காலை 5.10

243-ஐ நான் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவர் முந்திக்கொண்டார். ஆனால் ஓய்வு வேறு, ஓய்தல் வேறு. மழை ஓய்ந்தது என்றால் மழை ஓய்வெடுக்கிறது என்றா பொருள்? நோயாளி புரிந்துகொள்ளவில்லை என்பதற்காகத் தொல்காப்பியத்தைக் கைவிட முடியாது.

லண்டன் தாதி, புதன் மாலை 6.00

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இங்கே புற்றுநோய் விடுதியில் (வார்டில்) வேலை. நீங்கள் மூப்பைப் பற்றி மட்டும் கதைக்கிறீர்கள். நோயால் உருகுகிற ஆட்களுக்கு என்ன சொல்? கக்கெக்சியா. அதுவும் கிரேக்கம்தான், ‘கெட்ட நிலை’ என்று அர்த்தம். புற்றுநோய்க்காரருக்கு ஆறு மாதத்தில் எடை 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் யோசிக்க வேண்டும். நோய் தசையை உள்ளுக்குள்ளேயே கரைக்கிறது. சாப்பாடு மட்டும் கொடுத்து முழுக்கத் திருப்ப ஏலாது. போன மாதம் ஒரு அம்மா, வாயைத் திறக்காத மனிசனுக்குக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டப் பார்த்து, “நான் வடிவாச் சமைக்கேல்ல போல” என்று அழுதா. அவவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் இருக்கவில்லை.

சயரோகத்தை எலும்புருக்கி என்று சொன்ன ஆட்கள்தானே நாங்கள். ‘நோயுருக்கம்’ என்று வைத்தால் என்ன?

மதுரை பிசியோ, புதன் இரவு 8.30

அக்கா, ‘நோயுருக்கம்’ பிடித்திருக்கிறது. உருக்குவது நோய், சமையல் இல்லை என்பது சொல்லிலேயே தெரிகிறது.

சென்னை மொழிபெயர்ப்பாளர், வியாழன் பகல் 1.05

நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். புயல் செய்தியில் தினமும் கேட்கிறோமே, ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுவிழந்தது’ என்று. படிக்காதவருக்கும் புரியும். ‘தசை வலுவிழப்பு’. ரேஷன் கார்டும் கேட்காது, தைலமும் கேட்காது.

கோவை மருத்துவர், வியாழன் பகல் 2.40

எனக்குச் சரி. கறாராகப் பார்த்தால் வலு மட்டும் குறைவதற்கு டைனபீனியா என்று 2008-இலேயே தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை. துண்டறிக்கைக்கு இது போதும்.

மட்டுறுத்துநர், வியாழன் இரவு 9.00

41 மடல்கள் ஆகிவிட்டன. (வலுவிழப்பா, வலுயிழப்பா என்று உடம்படுமெய்க்காக நடந்த 14 மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன்.) ‘தசை வலுவிழப்பு’க்கு ஆறு பேர், ‘ஓய்தசை’க்கு இரண்டு பேர், ஒலிபெயர்ப்புக்கு ஒருவர். ‘நோயுருக்கம்’ பற்றி யாரும் மறுப்பு எழுதவில்லை.

மதுரை பிசியோ, வெள்ளி மாலை 5.45

அச்சுக்குப் போய்விட்டது. தலைப்பு ‘தசை வலுவிழப்பு’, கீழே சின்ன எழுத்தில் சார்க்கோபீனியா. அதே தாத்தா இன்று வந்திருந்தார். படி எடுத்து நீட்டினேன். படித்துவிட்டு, “ஆமாம்மா, திண்ணையில உக்காந்தா எந்திரிக்க முடியல, அதானே?” என்றார். நாற்காலியில் ஐந்து முறை எழச் சொன்னேன். மூன்றாவது முறை கையை ஊன்றிவிட்டார்.

கும்பகோணம் தமிழாசிரியர் (ஓய்வு), சனி காலை 5.20

மகிழ்ச்சி அம்மா. அடுத்த பதிப்பில் அந்தச் சின்ன எழுத்து இடத்திலாவது ஓய்தசைக்கு இடம் கொடுங்கள். பிறகு, ‘நிழத்தல்’ பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே?