ஜப்பானிய வாளைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள், தேர்ந்து வாங்கியவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திரியைத் தொடங்கியவர், தோக்கியோ

ஜப்பானுக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்த நம்மவர்கள் பலருக்கு வாள் மேல் ஆசை உண்டு. ஆனால் கடைக்குப் போனால் யார் செய்தது, எவ்வளவு பழசு, என்ன விலை என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அலகை நிதானமாகப் பார்ப்பவர்கள் குறைவு. பெயரையும் சான்றிதழையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இரும்பைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. என் அனுபவத்தைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

உயேனோவில் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் ஹொன்கான் கட்டடத்தில் 13ஆம் அறையில் மற்றக் கலைப்பொருட்களோடு வாள்களும் இருக்கும். வைத்திருக்கும் வாள்கள் மாறிக்கொண்டே இருக்கும். மிக்காஸுகி முனேச்சிகா என்ற புகழ்பெற்ற வாளை வைத்திருந்த சமயத்தில் போனேன். ஹெயான் காலத்து (794–1185) வாள். நீளம் 80 செ.மீ., வளைவு 2.7 செ.மீ. ஹமோனை, அதாவது அலகின் வெட்டும் வாயோரமாக ஓடும் கோலத்தை ஒட்டிப் பிறைக் கீற்றுகள் இருப்பதால் அந்தப் பெயர். பெட்டிக்கு நேராக நின்றபோது ஒரு பிறையும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் முழங்காலை மெல்ல மடக்குவதும் நிமிர்வதுமாக இருந்தார். நானும் அப்படியே செய்தேன். விளக்கொளி அலகில் நகர நகர, கீற்றுகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

முதல் பார்வையில் தெரியும் வெள்ளை விளிம்பை ஹமோன் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான வாள்களில் அது சாணை பிடிப்பவர் கொடுத்த வெளுப்பு. கடைசிக் கட்டத்தில் மெல்லிய கல் சில்லைக் கட்டைவிரலுக்கடியில் வைத்துத் தேய்த்து அதை உண்டாக்குகிறார்கள். ஹதோரி என்று பெயர். உண்மையான ஹமோன் அந்த வெளுப்புக்குள் இருக்கிறது, ஒளியைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

அது உண்டாகும் விதம் அருமையானது. அலகின் முதுகுப் பக்கம் களிமண்ணைத் தடிப்பாகவும் வாய்ப் பக்கம் மெல்லிசாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார்கள். நம்மூர்க் கொல்லர்கள் துவைச்சல் என்பார்களே, அதுதான். வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகிவிடும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து, வளைந்துகொடுக்கும் தன்மையோடு நிற்கும். இரண்டும் சந்திக்கும் எல்லை ஹமோன். அந்த எல்லையில் தனித்தனிப் புள்ளிகளாக மின்னுவது நியே, பிரித்தறிய முடியாதபடி மூட்டமாக நிற்பது நியோய். கடினமான வாய்ப் பக்கம் தோய்ப்பின்போது சற்று விரிவதால் அலகு பின்னுக்கு வளைகிறது. அந்த வளைவில் ஒரு பங்கு கொல்லரின் சம்மட்டியால் வந்ததல்ல, தண்ணீர்த் தொட்டியில் வந்தது.

அப்புறம் பார்வையிடல் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். காந்தேய் என்று நடத்துவார்கள். பிடிக்குள் போகும் காம்பில்தான் கொல்லரின் கையெழுத்து இருக்கும், அதை மூடிவிடுவார்கள். அலகை மட்டும் பார்த்து யார் செய்தது என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியாக இருந்தால் அத்தாரி. அதே மரபில் மிக நெருங்கிய இன்னொரு கொல்லரை எழுதியிருந்தால் தோஸென், அதையும் மதிப்பார்கள். எனக்குத் தோஸென் கிடைத்த ஒரு வாளில் என்னைச் சரியான ஊருக்குக் கொண்டுபோனது உட்சுரி, அதாவது ஹமோனுக்கு மேலே அலகின் உடலில் தெரியும் மங்கலான நிழல். பழைய பிஸென் (இன்றைய ஒகாயாமா பக்கம்) வாள்களின் பெரிய அடையாளம் அது.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். வாளை எடுப்பதற்கு முன் தலைவணங்க வேண்டும். வெட்டும் வாயை மேலே வைத்து, முதுகு மட்டும் உறையில் உரசும்படி உருவ வேண்டும். அலகுக்கு மேல் பேசக் கூடாது, எச்சில் துளி பட்டால் துரு பிடிக்கும். அலகில் விரல் படவே கூடாது, தாங்கிப் பிடிக்கப் பட்டுத் துணி தருவார்கள். முதலில் கையை நீட்டி நிமிர்த்திப் பிடித்து மொத்த உருவத்தைப் பார்க்க வேண்டும். வளைவு எங்கே கூடுகிறது, அடியிலிருந்து நுனிவரை அகலம் எப்படிக் குறைகிறது என்பதிலேயே காலம் பாதி தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் விளக்கை நோக்கி ஹமோன். அடுத்து ஜிஹதா: இரும்பை மடித்து மடித்து அடித்ததால் வந்த, மரப்பலகையின் ரேகை போன்ற வரிகள். அவசரப்பட்டு ஹமோனிலிருந்து தொடங்குகிறவர்கள் காலத்தைத் தவறாகச் சொல்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒகாயாமாவிலிருந்து

அண்ணா, பழைய பிஸென் நாட்டில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதாமல் இருக்க முடியாது. இங்கே செட்டோஉச்சி நகரில் ஓசாஃபுனே வாள் அருங்காட்சியகம் இருக்கிறது. கொல்லர், சாணை பிடிப்பவர், உறை செய்பவர் எல்லாரும் அதே வளாகத்தில் வேலை செய்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் உவெசுகி கென்ஷினிடம் இருந்த சான்சோமோ என்ற தேசியப் பொக்கிஷ வாளை 2020இல் நகராட்சியே வாங்கியது. ஏறத்தாழ 50 கோடி யென் விலைக்கு மக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். பிறந்த மண்ணுக்கு அந்த வாள் திரும்ப வேண்டும் என்று ஒரு சிறிய ஊர் இவ்வளவு முயன்றதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓசாஃபுனே சுகெசாதா என்ற கையெழுத்தோடு ஏராளமான வாள்கள் கிடைக்கும். போர்க்காலத்தில் படைகளுக்காக அவசரமாக அடித்துக் குவித்தவற்றிலும் அந்தப் பெயர் இருக்கிறது. ஒருவருக்கென்று தனியாகச் சொல்லிச் செய்தவற்றிலும் அதே பெயர்தான். தனியாகச் செய்தவற்றில் பெரும்பாலும் யோசோஸாஎமோன் நோ ஜோ போல் கொல்லரின் சொந்தப் பெயரும் சேர்த்து வெட்டப்பட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் எனக்குக் காட்டினார். ஜிஹதா தனியாகச் செய்ததில் நெருக்கமாக, ஈரமாக இருந்தது. அவசரமாக அடித்ததில் தளர்ந்து, ஆங்காங்கே திறந்து கிடந்தது. எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கூடச் சொல்லிவிடுவார்.

ஒசாகாவிலிருந்து

நான் வாங்கியது வாகிஸாஷி. ஷாக்கு என்ற பழைய நீள அளவில் 1 ஷாக்குவுக்கு மேல், 2 ஷாக்குவுக்குள் இருப்பது, அதாவது சுமார் 30 முதல் 60 செ.மீ. வரை. எல்லாரும் கத்தானா என்ற நீள வாளைத் தேடுவதால், அதே தரத்து வாகிஸாஷி கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கையில் இருக்கும் பணத்துக்குச் சுமாரான நீள வாளை வாங்குவதைவிட, நல்ல இரும்புள்ள குட்டை வாளை வாங்குவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் இணைய ஏலத்தில் ஒரு விற்பனையாளர் "அரசாங்கச் சான்றிதழ் பெற்ற அசல் வாள்" என்று விளம்பரம் செய்திருந்ததைப் பார்த்தேன். அவர் காட்டியது தோரோகுஷோ. மாவட்டக் கல்வி வாரியம் கொடுக்கும் பதிவுச் சீட்டு, 1951 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீளம், வளைவு, காம்பில் எத்தனை துளைகள், என்ன கையெழுத்து என்று எழுதியிருக்கும். அந்தக் கையெழுத்து அசலா என்பதற்கு அது பொறுப்பில்லை. ஜப்பானில் சட்டப்படி வாளை வைத்துக்கொள்ள அது அவசியம், வாங்கிய 20 நாளுக்குள் உடைமை மாற்றத்தைத் தெரிவிக்கவும் வேண்டும், அவ்வளவுதான். மதிப்பீட்டுத் தாள் வேறு: ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் தருவது. ஹோஸோன், தோகுபெட்சு ஹோஸோன், ஜூயோ, தோகுபெட்சு ஜூயோ என்று நான்கு படி. ஏலத்து வாளுக்கு அந்தத் தாள் எதுவும் இல்லை.

பிறகு ஒரு கடையில், கடைக்காரரே பிடியைக் கழற்றிக் காம்பைக் காட்டி, என்னிடம் விளக்கையும் தந்து, "முதலில் ஹகிரே தேடுங்கள்" என்றார். வாயோரத்தில் குறுக்காக ஓடும் மயிரிழை விரிசல் அது. சாணையால் போகாது, உயிர்க்குறை. கொப்புளம், அடுக்குத் திறப்பு போன்றவை இருந்தாலும் அவற்றோடு வாழலாம். அடுத்து நுனியைப் பார்க்கச் சொன்னார். ஹமோன் நுனிக்குள் போய்த் திரும்பி முதுகை அடைய வேண்டும், போஷி என்கிறார்கள். நுனி உடைந்து திருத்தப்பட்ட வாளில் அது காணாமல் போயிருக்கும். விற்பவரே குறை தேடக் கற்றுக்கொடுத்ததால்தான் அங்கேயே வாங்கினேன்.

சென்னையிலிருந்து

வணக்கம். கையெழுத்து இல்லாத வாளை வாங்கலாமா? அது போலி என்கிறார்கள். வாங்கினால் இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

திரியைத் தொடங்கியவர், தோக்கியோ

தம்பி, கையெழுத்து இல்லாதது போலி ஆகாது. இடுப்பில் தொங்கவிட்ட தாச்சி என்ற பழைய நீண்ட வாள்களைப் பிற்காலத்தில் இடுப்பில் செருகும் அளவுக்குக் காம்புப் பக்கமாக வெட்டிக் குறைத்தார்கள். அப்போது கையெழுத்தும் சேர்ந்து போய்விட்டது. அப்படிப்பட்ட மிக உயர்ந்த வாள்கள் நிறைய உண்டு. பயப்பட வேண்டியது பெரிய பெயர் உள்ள வாளைக் கண்டுதான். எதோ (Edo, 1603–1868) காலத்துக் கொல்லர் நாகஸோனே கோதெட்சுவை எடுத்துக்கொள்ளுங்கள். கவசம் செய்துகொண்டிருந்தவர், ஐம்பது வயது வாக்கில்தான் வாளுக்கு வந்தார். அவர் பெயரில் அவ்வளவு போலிகள் இருப்பதால், கோதெட்சு என்று கண்டால் போலி என்றே நினை என்பார்கள் வாள்காரர்கள்.

காம்பில் இருக்கும் துருவை யாரும் தேய்த்துச் சுத்தம் செய்யக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதன் நிறமும் படிவும்தான் வயதுக்குச் சாட்சி. புதிதாக வெட்டிய கையெழுத்துக் கோட்டுக்குள் துரு வேறு மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஜப்பானை விட்டு வெளியே கொண்டுபோக, கலாசார விவகார முகமையின் ஏற்றுமதி அனுமதி வேண்டும், பதிவுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நல்ல கடைகள் இதைச் செய்து தருவார்கள். இந்தியாவில் 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட வாள் அலகு ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வரும். சுங்கத்திலும் காவல்துறையிலும் எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.

சைத்தாமாவிலிருந்து

வாங்கிய பிறகு என்ன என்பதை யாரும் எழுதவில்லையே. எனக்குத் தெரிந்த சாணைக் கலைஞர் ஒருவரின் பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். கரடுமுரடான கல்லில் தொடங்கிப் படிப்படியாக மென்மையான கல்லுக்குப் போகிறார். ஒரு துருப்பிடித்த வாளைக் கொண்டுவந்தவரிடம், முழுச் சாணை வேண்டாம் என்று அவரே திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு சாணையிலும் வெளி இரும்பு கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்து தேய்ந்து உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வெளியே தெரிந்துவிட்டால், களைத்துப்போன வாள் என்பார்கள். இருக்கும் இரும்பைக் காப்பதே முதல் வேலை என்றார்.

அதனால் வீட்டில் கிராம்பு எண்ணெயை மெல்லிசாகத் தடவி, அலங்காரப் பிடியில் வைக்காமல் ஷிராசாயாவில் வைக்கிறேன். ஹோ மரத்தில் செய்த வெற்று உறை. இரண்டு பாதிகளையும் சோற்றுப் பசையால் ஒட்டியிருப்பார்கள். உள்ளே துரு சேர்ந்தால் பிளந்து சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப ஒட்டலாம். பழைய எண்ணெயைத் துடைத்துப் புதிது போடும் ஒவ்வொரு முறையும் விளக்கடியில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். இதுவரை கண்ணில் படாத ஒரு நியேக் கோடு போன மாதம் நுனிக்குப் பக்கத்தில் தெரிந்தது. தோக்கியோ அண்ணா, அடுத்த பார்வையிடல் கூட்டம் தோக்கியோவில் ரியோகோகு பக்கம் என்றால் தேதியைப் போடுங்கள், நானும் வருகிறேன்.